வெட்கப்பட வேண்டியவர் யார்?

இலக்கியச் சஞ்சிகை ஒன்றிலே மூத்திரப் பையைக் கழுவுவது பற்றி எழுதுவதா என்று முகஞ் சுளிப்போர் இருப்பர். அவர்களுக்கு முதலிலேயே விடை கூறிவிடுதல் நன்று. கிணற்றடியிலே மறுக்கப்பட்ட தண்ணீரைப் பற்றியும், தேநீர்க் கடையிலே புறம்பாக வைக்கப்பட்ட சிரட்டையைப் பற்றியும், லயத்துக் காம்பராவின் புகையைப் பற்றியும் எமது முன்னோடிகள் எழுதியபோது இதே முகச்சுளிப்பை அவர்களும் கண்டனர். இழிசனர் இலக்கியம் என்று பண்டிதர் சிலர் அதனைத் தூற்றினர். தூற்றியவர்களின் வாதம் உதிர்ந்துவிட்டது, எழுதப்பட்டவை நிலைத்துவிட்டன. மனிதனைப் பற்றிப் பேசுவதே இலக்கியத்தின் வேலையெனின், மனித உடலின் எப்பகுதியும், அவ்வுடலைப் பேணும் எவ்வுழைப்பும் அதற்குப் புறம்பானவையல்ல.

நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம்? 2009ஆம் ஆண்டு மே மாதத்திலே முடிவுற்ற போரில் ஷெல் துண்டு முள்ளந்தண்டிற் பாய்ந்து, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த இளைஞரும் யுவதிகளும் இன்று நடுவயதை அடைந்துவிட்டனர். பனையிலிருந்து தவறி வீழ்ந்த சீவற் தொழிலாளி, கட்டடச் சாரம் சரிந்து முதுகு முறிந்த கூலியாள், வீதி விபத்தில் முண்ணாண் நசிந்த மாணவன், புரொஸ்ரேற் சுரப்பி வீங்கிச் சத்திரசிகிச்சைக்கு நாள் பார்த்திருக்கும் முதியவர், பாரிசவாதத்தாற் படுக்கையில் வீழ்ந்த தாய் — இவர்களுள்ளே பலரை இணைப்பது ஒரு குழாய். சலப்பைக்குள்ளே செலுத்தப்பட்டு, நுனியிலுள்ள சிறு பலூனில் நீரேற்றப்பட்டு, வெளியே நழுவாது தங்கும் இறப்பர் அல்லது சிலிக்கன் குழாய் அது. அமெரிக்க வைத்தியர் பிரெடெரிக் ஃபோலி 1930களிலே உருவாக்கிய அமைப்பே இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. தாதியர் அதனைக் கதீற்றர் என்பர். குழாயின் மறுமுனையிலே, இரண்டு லீற்றர் கொள்ளத்தக்க பிளாஸ்ரிக் பையொன்று தொங்குகின்றது. மக்கள் வழக்கில் அது ‘யூரின் பாக்’. இரவும் பகலும், உறக்கத்திலும் விழிப்பிலும், கோவிலுக்குப் போனாலும் கச்சேரிக்குப் போனாலும், அப்பை அம்மனிதருடனேயே செல்கின்றது. சிலருக்கு அது சில வாரங்களின் துணை. முண்ணாண் அறுபட்டோருட் பலருக்கோ ஆயுட்காலத் துணை.

அந்தப் பையைக் கழுவுவது யார், எதனாற் கழுவுவது, எத்தனை நாள் பாவிப்பது, புதிய பை எங்கிருந்து வரும் என்னும் நான்கு கேள்விகளே இக்கட்டுரையின் பொருள். இவை அற்பக் கேள்விகள் என்று எண்ணுவோர் சரித்திரத்தைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

முதலாம் உலகப் போரிலே முண்ணாணிற் காயமுற்ற படைவீரருட் பெரும்பாலோர் மாண்டுபோயினர். அவர்களைக் கொன்றது குண்டு மாத்திரமன்று. படுக்கைப் புண்ணும், சலப்பையிலே தொடங்கிச் சிறுநீரகத்தையும் குருதியையும் பற்றிய நோய்த்தொற்றுமே பலரைக் கொன்றன. இத்தகையோர் பிழைக்கமாட்டார் என்பது அக்கால வைத்திய உலகின் துணிபு. அத்துணிபை முறியடித்தவருள் முதன்மையானவர் லுட்விக் குட்மான். நாஸிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்தை அடைந்த யூத வைத்தியர் அவர். 1944இலே ஸ்ரோக் மண்டவில் என்னுமிடத்தில் முண்ணாண் காயத்துக்கென அமைந்த பிரிவைப் பொறுப்பேற்று, இரண்டு மணிக்கொரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தலையும், சலப்பையைத் தூய முறையிலே வெறுமையாக்குதலையும் இராணுவ ஒழுங்குடன் நடத்தினார். செத்துப்போவார் எனக் கைவிடப்பட்டோர் வாழ்ந்தனர்; 1948இலே சக்கர நாற்காலியிலிருந்தவாறே வில்வித்தைப் போட்டியும் நடத்தினர். இன்று உலகறிந்த பராலிம்பிக் விளையாட்டின் வித்து அதுவே. அற்புத மருந்தொன்றாற் கிடைத்த வெற்றியன்று இது. கழுவிய கைகளாலும், காலந் தவறாத கவனிப்பாலும், அருவருப்பை வென்ற உழைப்பாலும் கிடைத்த வெற்றி.

இனி எமது நாட்டுக்கு வருவோம். குழாயோடு வீட்டுக்கு அனுப்பப்படும் ஒருவரின் கையிலுள்ள பையின் உறையை எடுத்துப் பாருங்கள். ஒரு முறை மாத்திரம் பாவித்தற்குரியது என்னும் பொருளிலே அதில் ஆங்கில எழுத்து அச்சாகியிருக்கும். அல்லது இரண்டென்னும் இலக்கத்தின் குறுக்கே கோடிட்ட அடையாளம் இருக்கும். கழுவாதே, எறிந்துவிடு, புதிதை மாட்டு என்பதே அதன் கட்டளை. நன்று. புதிதை வாங்கும் பணம் எவரிடமிருந்து வரும் என்பதை உறை சொல்லுவதில்லை.

இக்கட்டளை எங்கே பிறந்தது? பிரித்தானியாவிலே காலிற் கட்டும் சிறிய பையை ஐந்து முதல் ஏழு நாட்களுக்கொரு தடவை மாற்றுவதும், அதன் அடிக்குழாயிலே இரவில் மாத்திரம் பெரிய பையொன்றை மாட்டிக் காலையிலே எறிந்துவிடுவதும் நெடுங்கால வழக்கம். அங்கே அப்பைகள் வைத்தியரின் சீட்டுக்குப் பொதுப்பணத்திலிருந்து கிடைப்பவை. எறியக்கூடியவன் எறிகிறான்; அதிலே குற்றமில்லை. ஆனால், செல்வங் கொழிக்கும் அமெரிக்காவிலே முதியோருக்கும் அங்கவீனருக்குமான அரச காப்புறுதி இரவுப் பைக்கு ஏற்றுக்கொள்ளும் வழக்கமான அளவு மாதத்துக்கு இரண்டே. அஃதாவது ஒரு பை இரண்டு வாரம் உழைக்க வேண்டும் என்பதே அதன் கணக்கு. இன்னொன்றும் உண்டு. நாளுக்குப் பல தடவை தாமே செலுத்தி எடுக்கும் தற்காலிகக் குழாய்களுக்கு 2008ஆம் ஆண்டுவரை அதே காப்புறுதி மாதத்துக்கு நான்கு மாத்திரமே கொடுத்தது. ஆகவே அமெரிக்கரும் அவற்றைக் கழுவிக் கழுவியே பாவித்தனர். 2008இலே மாதத்துக்கு இருநூறு வரை கொடுக்கலாமென விதி மாறியது, அதன்பின் எறிந்தனர். கிருமிகள் 2008இலே தம் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாறியது பணப்பை. ‘ஒரு முறை மாத்திரம்’ என்பது விஞ்ஞானத்தின் வாக்கு மாத்திரமன்று. யார் பணங் கொடுக்கிறார் என்பதன் எதிரொலியும் ஆகும்.

இவ்வாறு கூறுவதால், புதிய பை வேண்டியதில்லை, ஏழைகள் கழுவிப் பாவித்தாற் போதும் என்று நாம் வாதிடுவதாக எவரும் கொள்ளற்க. அதுவே நாம் எதிர்க்கும் மற்றொரு கயமை. எமது வாதம் வேறு. வாங்கவியலாதவனிடம் “எறிந்துவிடு” என்று சொல்லிவிட்டு, கழுவும் முறையையும் கற்பிக்காது விடுதல் இரட்டைக் குற்றமாகும். அவன் எறியமாட்டான். ஒரே பையைக் கிணற்று நீரால் அலசி, வாரக்கணக்கிலே, பை மஞ்சளித்துக் கல்லுப் படிந்து நாற்றமெடுக்கும் வரை பாவிப்பான். கேட்டால், “கழுவக் கூடாதென்று சொல்லியிருக்கிறோமே” என்று அதிகாரிகள் கைவிரிப்பர். விதியும் பிழைத்தது, அதிகாரியும் பிழைத்தார், பிழைக்காது போவது நோயாளி ஒருவனே.

விஞ்ஞானம் இவ்விடயத்திலே என்ன சொல்லுகின்றது? குழாய் நிரந்தரமாகத் தங்கியிருக்கும் உடலில், நாட்கள் செல்லச் செல்லச் சிறுநீரிலே பற்றீரியாக்கள் குடியேறுதல் தவிர்க்கவியலாதது. ஒரு மாதமளவில் ஏறத்தாழ எல்லோரிடத்திலும் அவை உள்ளன. ஆயின், கிருமி இருத்தல் வேறு, நோய் உண்டாதல் வேறு. காய்ச்சல், நடுக்கம், விலாநோவு, மயக்கம், சிறுநீரிற் குருதி, சிறுநீர் இறங்காமை ஆகியன அபாயக் குறிகள். அவற்றைக் கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கலங்கலையும் நாற்றத்தையும் மாத்திரங் கண்டு கடையிலே நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசை வாங்கி விழுங்குதல், நாளைக்கு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியை இன்றே வளர்த்தலாகும். கழுவிய பை தொற்றனைத்தையும் தடுத்துவிடும் என்று நாமும் கூறோம். பையிற் பெருகும் கிருமியையும் நாற்றத்தையும் படிவையும் அது குறைக்கின்றது. பையின் ஆயுளைப் பாதுகாப்புடன் நீட்டுகின்றது. 1993இலே அமெரிக்க மறுவாழ்வு மருத்துவ ஏடொன்றில் வெளிவந்த ஆய்வு, வைனைற் பைகளை நாள்தோறும் நீர்த்த வெளிற்றுத் திரவத்தாற் சுத்திகரித்தால் ஒரு வாரத்துக்குப் பதிலாக நான்கு வாரம்வரை பாவிக்கலாம் எனக் காட்டியது. அதற்கும் முன்னதாக, 1972இலே மிச்சிகன் பல்கலைக்கழகத்து வைத்தியர் ஜக் லபிடஸும் அவர்தம் தோழரும் தற்காலிகக் குழாய்களைப் பற்றி ஓர் உண்மையை நிலைநாட்டியிருந்தனர்: முற்றிலும் கிருமியொழிந்த கருவியின்றியும், சுத்தமான கருவியும் சுத்தமான கையும் காலந் தவறாமையும் இருந்தாற் சாதாரண மனிதன் தன் வீட்டிலேயே தன் சலப்பையைக் காக்கலாம் என்பதே அது. வைத்திய உலகம் முதலில் முணுமுணுத்தது, பின்னர் ஏற்றுக்கொண்டது. அறிவைச் சாதாரண மனிதனின் கையிற் கொடுத்தால் அவன் அதனைச் சீராகப் பயன்படுத்துவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே அவ்வறிவை இங்கே எழுதுகிறோம். வெட்டியெடுத்துச் சுவரிலே ஒட்டுவோர் ஒட்டுக.

முதலிலே கை. பையைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சவுக்காரமிட்டுக் கழுவ வேண்டும். பை அரைவாசி முதல் மூன்றில் இரண்டு பங்குவரை நிரம்பியவுடன் வெறுமையாக்க வேண்டும். நிரம்பி வழியவிட்டால் அதன் பாரம் குழாயை இழுத்துப் புண்ணாக்கும். வெறுமையாக்கும் பாத்திரம் அந்த ஒருவருக்கே உரியதாக இருத்தல் வேண்டும். பை எப்போதும் சலப்பையிலும் தாழ்ந்தே தொங்க வேண்டும். ஆயினும் நிலத்திற் படலாகாது. படுக்கையிற் புரளும்போது குழாய் மடிந்திருக்கின்றதா என்று பார்த்தல் உயிர்காக்கும் வேலை. நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே முண்ணாண் காயமுற்றவர்களுக்கு, மடிந்த குழாயினாற் சலப்பை வீங்கினால், குருதியமுக்கம் திடீரென மிகையாய் எழுந்து, கடுந் தலையிடியும் முகச்சிவப்பும் வியர்வையும் தோன்றி, மூளையிற் குருதிப்பெருக்கும் உண்டாகலாம். ஒரு மடிப்பை நிமிர்த்தும் விரலே அங்கே வைத்தியராகின்றது.

கழுவுவதற்குக் குறைந்தது இரண்டு பைகள் வேண்டும். ஒன்று கழுவிக் காயும்போது மற்றையது தொங்கும். காலிற் கட்டும் பை உள்ளவர்கள் இரவுப் பையை அதன் அடிக்குழாயிலேயே மாட்டலாம். அப்போது சலப்பையோடு நேரே இணைந்த மூட்டைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு பை மாத்திரம் உடையவர்கள் மூட்டைத் திறக்கத்தான் வேண்டும். திறக்கும்போது இரு முனைகளையும் ஸ்பிரிற்றில் நனைத்த பஞ்சினால் துடைத்து, உட்பக்கத்தை விரலாலே தொடாது மாட்ட வேண்டும். தேவையின்றி அம்மூட்டைத் திறத்தலாகாது.

கழற்றிய பையை முதலிலே தண்ணீராலே நன்கு அலச வேண்டும். பின்னர் சவுக்கார நீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டி, மீண்டும் அலச வேண்டும். அதன்பின் துணி வெளிற்றும் குளோரீன் திரவத்தில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்தோ, அல்லது வெள்ளை வினாகிரியில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தோ, பையினுள்ளும் குழாயினுள்ளும் நிரப்பி அரைமணி நேரம் வைத்து, கொட்டி, நல்ல நீரால் அலசி, வாயைத் திறந்தபடி நிழலிலே தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். குழாயின் முனைக்குச் சுத்தமான மூடியிட வேண்டும். வெளிற்றுத் திரவமும் வினாகிரியும் ஒருபோதும் ஒன்றாகச் சேரலாகாது. சேர்ந்தால் எழுவது நச்சு வாயு. சிறுநீர் எஞ்சியுள்ள பையிலே வெளிற்றுத் திரவத்தை ஊற்றினாலும் கண்ணையும் சுவாசத்தையும் எரிக்கும் வாயு எழும்; முதலில் அலசுமாறு சொல்வதன் காரணமும் அதுவே. ஒழுகும் பையையும், வெடித்த பையையும், கழுவியும் நாற்றம் நீங்காத பையையும் எறிந்துவிட வேண்டும். ஒருவரின் பையை இன்னொருவருக்குக் கொடுத்தல் ஒருபோதும் ஆகாது. இவையெல்லாம் வீட்டுக்குரியவை. ஒருவரின் கிருமி மற்றொருவரைப் பற்றக்கூடிய வைத்தியசாலை விடுதியிலே பையைக் கழுவி மீளப் பாவித்தல் தகாது.

இவ்வளவே. உயர்தர வகுப்பு இரசாயனம் படித்த மாணவனுக்கு இதில் விளங்காதது எதுவுமில்லை. படியாத தாய்க்கும் ஒரு தடவை செய்துகாட்டினால் விளங்காதது எதுவுமில்லை. பின் ஏன் இது தமிழிலே எழுதப்பட்டு, குழாயோடு வெளியேறும் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கப்படலாகாது? இருமொழிகளும் அரசகரும மொழிகளெனச் சட்டம் சொல்லும் நாட்டிலே, உறையிலே உள்ள எச்சரிக்கை மாத்திரம் ஏன் ஆங்கிலத்தில் நிற்க வேண்டும்?

ஏனெனில் அது அருவருப்புக்குரிய விடயமாம். வீட்டுக்குள்ளே அடங்க வேண்டிய விடயமாம். இந்த அருவருப்பின் குலங்கோத்திரத்தை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். மலத்தையும் மூத்திரத்தையும் அள்ளும் வேலையை ஒரு சாதியின் தலையிலே சுமத்தி, அள்ளியவனையே அசுத்தன் என்று ஒதுக்கி, அள்ளச் செய்தவனைச் சுத்தன் என்று கொண்டாடிய சமுதாயம் எமது. கழிவு யாரிடமிருந்து வந்தது என்று அது கேட்கவில்லை. யார் அள்ளினார் என்றே கேட்டது. வாளி போய் நீர்முத்திரை மலசலகூடம் வந்தபின்னும் மனத்திலே வாளி போகவில்லை. இன்று அந்த வேலை வீட்டுக்குள்ளே நுழைந்துவிட்டபோது, அது வேறொரு தலையிற் சுமத்தப்பட்டுள்ளது. அத்தலை பெண்ணின் தலை. கணவனின் பையை மனைவி கழுவுகிறாள். மகனின் பையைத் தாய் கழுவுகிறாள். தாயின் பையை மகள் கழுவுகிறாள். அவளுக்குச் சம்பளமில்லை; ஓய்வில்லை; பயிற்சியில்லை; நன்றியும் அரிது. பிந்தி வந்த மாணவியை வகுப்பு வாசலிலே நிறுத்தி வைக்கும் ஆசிரியரே, அவள் விடியற்காலையில் எந்தப் பையைக் கழுவிவிட்டு வந்தாள் என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்ததுண்டா?

வெட்கத்துக்கு விலையுண்டு, அதனைச் சிறுநீரகம் கொடுக்கின்றது. பை நிரம்பினால் பிறர் காண்பரே என்று அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைப்போர் பலர். குறைக்கச் சிறுநீர் செறிவடைகின்றது. சில பற்றீரியாக்கள் சிறுநீரிலுள்ள யூரியாவை அமோனியாவாக மாற்றுகின்றன. அதனால் உப்புக்கள் பளிங்காகிக் குழாயின் வாயை அடைக்கின்றன. சலப்பையிலே கல் உருவாகின்றது. சாரத்துக்குள்ளே பையை மறைத்து இடுப்பிலே செருகுவோரும் உளர். பை உயர, கிருமி நிறைந்த சிறுநீர் சலப்பைக்கே திரும்பிப் பாய்கின்றது. கலியாண வீட்டுக்கு அழைக்கப்படாமை, பஸ் வண்டியிலே அருகில் ஒருவரும் அமராமை, பாடசாலையை விட்டு விலகுதல் ஆகியன எல்லாம் அப்பையின் நாற்றத்தால் விளைந்தவை எனச் சமூகம் சொல்லிக்கொள்ளும். கழுவத் தண்ணீரும் கழுவும் அறிவும் மாற்றுப் பையும் கொடுக்காத சமூகத்தின் நாற்றம் அது.

தண்ணீர் என்றோம். வரட்சிக் காலத்திலே கிணறு வற்றும் வன்னிக் கிராமத்திலும், பல குடும்பங்கள் ஒரே பீலித் தண்ணீரைப் பங்கிடும் தோட்டத்து லயத்திலும் மேலே நாம் சொன்ன முறையை நிறைவேற்றுவது இலேசான காரியமா? கை கழுவுக என்று சுவரொட்டி ஒட்டுவது மலிவு. கை கழுவக் குழாய்நீர் கொடுப்பதே அரசியல். சுத்தம் என்பது தனிமனித ஒழுக்கம் என்று போதிப்போர், அதற்குரிய பொருளாதாரத்தை மறைத்துவிடுகின்றனர்.

அரசிடம் பணமில்லை என்பர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே வைத்தியசாலைகள் மருந்துக்கும் கருவிக்கும் ஏங்கியதையும், சத்திரசிகிச்சைகள் பின்போடப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. ஆனால் அந்நெருக்கடியிலிருந்து கற்க வேண்டிய பாடம் யாது? ஏழை நாடொன்று தன் மக்களுக்கு மருந்து கொடுக்கும் வழியை இந்நாட்டவர் ஒருவரே உலகுக்குக் காட்டினார். பேராசிரியர் சேனக பிபிலே, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 1971இலே அளித்த அறிக்கையின் சாரம் எளியது: தேவையானவற்றைப் பட்டியலிடு, வணிகப் பெயரை நீக்கு, முழு நாட்டுக்குமாக ஒன்றாகக் கொள்வனவு செய். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவ்வழியிலே எழுந்தது. பன்னாட்டுக் கம்பனிகள் அதனை எவ்வளவு வெறுத்தன என்பதையும் சரித்திரம் அறியும். குளிசைக்குப் பொருந்திய அக்கொள்கை பிளாஸ்ரிக் பைக்குப் பொருந்தாதோ? 2015ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் மருத்துவச் சாதனங்களையும் தன் அதிகாரத்துள் அடக்குகின்றது. கழுவத்தக்க, உறுதியான, அடியிலே நல்ல திறப்புள்ள பையை வரையறுத்து மொத்தமாக வாங்குவது விண்கலம் ஏவுவது போன்ற பெருங்காரியமன்று.

கற்பிக்க ஆளில்லை என்பர். அதுவும் ஒவ்வாத வாதம். 1926இலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதியை நிறுவி, வைத்தியம் நோயாளியைத் தேடி வீட்டுக்குச் செல்லும் மரபை ஆரம்பித்த நாடு இது. மருத்துவமாது படலையைத் திறந்து வந்து, தாயை விசாரித்து, குழந்தையை நிறுத்து, அட்டையிலே குறித்துச் செல்கின்றாள். பிறப்பிலே இத்தனை அக்கறை கொண்ட அமைப்பு, முறிந்த முதுகின் வாசலிலே நின்றுவிடுவானேன்? குழாயோடு வாழ்வோரின் இடாப்பு ஒன்று ஒவ்வொரு பிரதேசத்திலும் வேண்டும். மாதமொரு தடவை பயிற்சி பெற்ற ஒருவர் அவ்வீட்டுக்குச் செல்ல வேண்டும். குழாய் இன்னும் வேண்டுமா என்னும் கேள்வியும் அப்போது கேட்கப்பட வேண்டும். சத்திரசிகிச்சையால் விடுபடக்கூடிய முதியவர் காத்திருப்போர் பட்டியலிலே நீள்வதும், தற்காலிகக் குழாயைத் தாமே பாவிக்கக் கற்கக்கூடிய இளைஞருக்கு அது கற்பிக்கப்படாமையும், பையைக் கழுவுவதிலும் முந்திய அநீதிகள். மிகச் சிறந்த பை, தேவையற்றுப் போன பையே.

எமது கோரிக்கைகள் இவை. நெடுங்காலக் குழாயோடு வீடு செல்லும் ஒவ்வொருவருக்கும், வசதியுள்ளவர் இல்லாதவர் என்ற பேதமின்றி, மாற்றுப் பைகள் மாதந்தோறும் அரச வைத்தியசாலையிலே இலவசமாகக் கொடுக்கப்படல் வேண்டும். வீட்டிற் கழுவும் முறையை வைத்தியத்துறை வெளிப்படையாக வரையறுத்து, தமிழிலும் சிங்களத்திலும் படங்களோடு அச்சிட்டு, செய்துகாட்டிய பின்னரே நோயாளியை வீட்டுக்கு அனுப்புதல் வேண்டும். கழுவுவோரின் உழைப்பு உழைப்பென ஏற்கப்பட்டு, அவர்களுக்கு உதவுபணம் வழங்கப்படல் வேண்டும். இவற்றைத் தருமமாகக் கேட்கவில்லை. கன்னங்கராவின் இலவசக் கல்வியைத் தருமமென எந்த ஆசிரியர் ஏற்பார்? அதுபோன்றதே இதுவும்.

எழுத்தாளருக்கும் ஒரு சொல். முண்ணாண் அறுந்த போராளியும் காலிழந்த பொதுமகனும் எமது கவிதைகளிலே குறியீடுகளாக வந்து போகின்றனர். காயம் பாடப்படுகின்றது, காயத்தின் பின்னுள்ள பதினாறு, பதினேழு ஆண்டு நாட்பாடு பாடப்படுவதில்லை. தியாகி என்று மாலையிடுவோருக்கும் துரோகி என்று தூற்றுவோருக்கும் அவர் ஒரு கொடிக்கம்பமே. கொடிக்கம்பத்துக்குச் சிறுநீர் இல்லை. உயிருள்ள மனிதனுக்கு உண்டு. அதனைப் பேசத் துணியாத மனிதாபிமானம் மேடைக்கு மாத்திரம் உரியது.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! உங்கள் கிராமத்திலே, உங்கள் ஒழுங்கையிலே குழாயோடு வாழ்வோர் எத்தனை பேர்? அவர்களிடம் எத்தனை பைகள் உள? எதனாற் கழுவுகின்றனர்? எவர் கற்பித்தார்? ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு, அவர்களின் அனுமதியோடும் மரியாதையோடும் கேட்டு எழுதுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கத்திலே அதனை வாசியுங்கள். பிரதேச சபையிலே வையுங்கள். சுகாதார வைத்திய அதிகாரியின் மேசையிலே வைத்து விடை கேளுங்கள். உயர்தர வகுப்பிலே குளோரீனைப் படிப்பிக்கும் நாளில், அது ஒரு மனிதனின் இரவை எவ்வாறு நாற்றமின்றி விடியச் செய்கின்றது என்பதையும் சேர்த்துப் படிப்பியுங்கள்.

பையைச் சுமப்பவன் வெட்கப்பட வேண்டியதில்லை. அதனைக் கழுவுபவள் வெட்கப்பட வேண்டியதில்லை. குழாயைச் செருகி, கதவைத் திறந்து, “இனி உன் பாடு” என்று அனுப்பிவிடும் ஏற்பாடு வெட்கப்படட்டும். அதனைக் கண்டும் காணாதிருக்கும் நாமும் அந்த ஏற்பாட்டின் பங்காளிகளாக நீடிக்கலாகாது.